"வரவில்லை" வேறு, "இல்லை" வேறு: டர்பன் நகரத் துணி நிறுவனம் ஒன்று மின்னஞ்சல் காப்பக மென்பொருள் தேர்ந்தெடுத்த முழு விவரம்

மின்னஞ்சல் காப்பகமோ இ-டிஸ்கவரி (வழக்குக்கு வேண்டிய மின்தரவைத் தேடி எடுத்துக் கொடுக்கும்) மென்பொருளோ வாங்கப் போகிற நிறுவனம் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் மென்பொருளால் படிக்க முடியாமல் போன கோப்புகளின் பட்டியலைத் தருவீர்களா என்பதுதான். தேடல் எவ்வளவு வேகம், எத்தனை டெராபைட் தாங்கும், செயற்கை நுண்ணறிவு உண்டா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு துணி இறக்குமதி நிறுவனத்துக்கு இந்தத் தேர்வைச் செய்து கொடுத்தபோதுதான் இது எனக்கு இவ்வளவு உறுதியாகத் தெரிந்தது, அதனால் நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர், எதிர்த்தரப்பின் பெயர், சோதித்த மென்பொருள்களில் எது எதில் தவறியது என்கிற விவரம் எதுவும் இதில் வராது.

நிறுவனம் மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. பழைய கிரே தெருவில், இப்போது டாக்டர் யூசுப் தாதூ தெரு, சேலைக் கடையாக ஆரம்பித்து, இன்று பைன்டவுன் பக்கம் கிடங்கு வைத்துத் திருப்பூரிலிருந்து பின்னலாடை இறக்கி, பெரிய கடைச் சங்கிலிகளுக்கு மொத்தமாகக் கொடுக்கிறார்கள். அலுவலகத்தில் ஆங்கிலம், கிடங்கில் ஜூலு மொழி, திருப்பூர் ஏஜெண்டுகளோடு தமிழ். அந்தத் தமிழும் ஒரே வடிவில் வருவதில்லை. சிலர் யூனிகோடில் அடிப்பார்கள், சிலர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார்கள், சிலர் இன்னமும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வேர்ட் கோப்பை இணைத்து அனுப்புவார்கள், அவசரம் என்றால் எல்லாரும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுதான். மென்பொருள் தேர்வில் இதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயமாகும் என்று ஆரம்பத்தில் யாரும் நினைக்கவில்லை.

நோட்டீஸ் கேட்டது என்ன

வாடிக்கையாளரான ஒரு கடைச் சங்கிலி, குளிர்கால ஆர்டர் ஒன்றை ரத்து செய்துவிட்டு நஷ்டஈடும் கேட்டு வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தில் ஒரு வரி: சரக்கு தாமதமாகும் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். தெரிந்தும் மறைத்தீர்கள் என்பது அவர்கள் வாதம். ஆக மொத்த வழக்கும் யாருக்கு எப்போது தெரிந்தது என்பதில் வந்து நின்றது, அதற்கு விடை இருப்பதோ மின்னஞ்சல்களுக்குள்.

தென்னாப்பிரிக்க உயர் நீதிமன்ற விதிகளில் 35ஆவது விதிதான் டிஸ்கவரி. எதிர்த்தரப்பு நோட்டீஸ் கொடுத்தால் 20 நாளுக்குள், அதுவும் சனி ஞாயிறும் பொது விடுமுறையும் கழித்த நீதிமன்ற நாள் கணக்கில், வழக்குக்குச் சம்பந்தப்பட்ட ஆவணங்களையெல்லாம் பட்டியலிட்டுப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். மின்தரவும் ஆவணம்தான் என்று விதியே சொல்கிறது. அந்தப் பத்திரத்தில் மூன்று பங்கு உண்டு. கையில் இருப்பவை ஒன்று. கையில் இருந்தாலும் காட்ட மாட்டோம் என்று ஆட்சேபம் சொல்ல உரிமை உள்ளவை, அதாவது அட்டர்னியோடு நடந்த கடிதப் போக்குவரத்து மாதிரி, இரண்டாவது. ஒரு காலத்தில் இருந்து இப்போது கையில் இல்லாதவை மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் எல்லாரையும் திணறடிக்கும். தொலைந்துபோனதையும் சத்தியம் செய்துதான் சொல்ல வேண்டும்.

நிறுவனத்தின் இயக்குநர் திருப்பூரில் பிறந்து கல்யாணமாகி டர்பன் வந்தவர், அறுபது வயதைத் தாண்டியவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பத்திரத்தின் வரைவைப் படித்துவிட்டு அவர் கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "தம்பி, இதுக்கு மேல எங்ககிட்ட எதுவும் இல்லைன்னு நான் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" தேடிப் பார்த்ததில் வரவில்லை அக்கா என்றேன். "வரலைங்கறது வேற, இல்லைங்கறது வேறதானே?" என்றார். அவர் தொழில்நுட்பம் படித்தவர் இல்லை, ஆனால் இந்தத் துறையின் மையமான கேள்வியைத் தொட்டுவிட்டார். பிறகு நாங்கள் எழுதிய தேவைப் பட்டியல் முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் வந்தது.

எது எங்கே கிடந்தது

மின்னஞ்சல் சில வருடங்களாக மைக்ரோசாப்ட் 365இல் இருந்தது, அதற்கு முன்னால் சொந்த சர்வர். வழக்குக்குச் சம்பந்தப்பட்ட காலத்தில் இறக்குமதியைக் கவனித்த மேலாளர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். செலவைக் குறைக்க அவருடைய கணக்கை நீக்கியிருந்தார்கள். மைக்ரோசாப்ட் 365இல் ஒரு பயனரை நீக்கினால், தக்கவைப்புக் கொள்கையோ லீகல் ஹோல்டோ (வழக்குக்காக அழிப்பை நிறுத்திவைப்பது) போட்டிருந்தால் ஒழிய, அவருடைய அஞ்சல்பெட்டி 30 நாள்தான் மீட்கக்கூடிய நிலையில் இருக்கும். அந்தக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. பேக்கப் இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். பேக்கப் என்பது சர்வர் விழுந்தால் எழுப்புவதற்கு, சுற்று முடிந்ததும் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். ஒரு ஆள் போன வருடம் யாருக்கு என்ன எழுதினார் என்று கேட்டால் அது பதில் சொல்லாது. காப்பகம் அதற்காகத் தனியாக வேண்டும், இந்த வித்தியாசத்தைப் பல நிறுவனங்கள் வழக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொள்கின்றன.

அந்த மேலாளரின் பழைய அஞ்சல் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிஎஸ்டி (அவுட்லுக் அஞ்சல் சேமிப்பு) கோப்புகளாகக் கணக்குப் பிரிவின் மேஜை டிராயரில் கிடைத்தது. அதில் இரண்டு, யூனிகோடுக்கு முந்தைய பழைய ஆன்சி வகை. அந்த வகைக்கு 2 ஜிபிதான் எல்லை, அதைத் தொட்டால் கெட்டுப்போகும் என்பது பலருக்குத் தெரியும், இன்னொரு கோளாறு அவ்வளவாகத் தெரியாது: அந்த வகைக்குள் யூனிகோடு தலைப்பு வரிகள் நிற்காது. தமிழில் வந்த தலைப்புகள் வெறும் கேள்விக்குறிகளாகக் கிடந்தன. ஒரு திரை முழுக்கக் கேள்விக்குறிகள், பக்கத்தில் தேதியும் திருப்பூர் முகவரியும் மட்டும். எந்த மென்பொருளால் தேடினாலும் அவை தலைப்பில் சிக்காது, உள்ளே இருக்கும் உரையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

அந்த வழக்குக்கான டிஸ்கவரியைத் தடயவியல் சேவை நிறுவனம் ஒன்றின் உதவியோடு, ஹேஷ் மதிப்புகளை, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை மாதிரியான எண்களை, பதிந்துகொண்டே நகல் எடுத்து, கால அவகாசமும் கேட்டு வாங்கி முடித்தோம். வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது, நிபந்தனைகளைச் சொல்லக் கூடாது. ஆனால் இனி ஒருமுறை இப்படிக் கஷ்டப்பட மாட்டோம் என்று குடும்பம் முடிவு செய்தது, அங்கேதான் மென்பொருள் தேர்வு தொடங்குகிறது.

வைத்திருக்கவும் வேண்டும், அழிக்கவும் வேண்டும்

எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்துக்கொள்வோம், வட்டு மலிவுதானே என்று மூத்த மகன் சொன்னார். இந்த நாட்டில் அது சட்டப்படி சரிவராது. 2008ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகம், கூட்டக் குறிப்பு போன்ற பதிவேடுகளை 7 வருடம் வைக்கச் சொல்கிறது. வரி நிர்வாகச் சட்டப்படி வரி சம்பந்தப்பட்டவை 5 வருடம். ஊழியர் பற்றிய பதிவுகளுக்கு அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தில் 3 வருடம். சாதாரணக் கடன் வழக்குகள் 3 வருடத்தில் காலாவதியாகும் என்பதையும் வழக்கறிஞர்கள் கணக்கில் எடுப்பார்கள். மறுபக்கம் போப்பியா, அதாவது 2021 ஜூலை 1 முதல் முழுதாக அமலாக்கப்படுகிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். அதன் 14ஆவது பிரிவு, தேவை முடிந்த பிறகு தனிநபர் தகவலை வைத்திருக்கக் கூடாது, திரும்ப உருவாக்க முடியாதபடி அழிக்க வேண்டும் என்கிறது. அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம். 2023 ஜூலையில் தகவல் ஒழுங்குமுறை அமைப்பு நீதித்துறை அமைச்சகத்துக்கே 50 லட்சம் ராண்ட் அபராதம் விதித்தது நினைவிருக்கும், அது பாதுகாப்பு மென்பொருள் உரிமங்களைப் புதுப்பிக்காமல் விட்ட விவகாரம். ஆனாலும் ஒழுங்குமுறை அமைப்பு சும்மா இருக்காது என்பது அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துபோனது.

ஆகவே மென்பொருள் ஒவ்வொரு வகை ஆவணத்துக்கும் வேறு வேறு கெடு வைத்து, கெடு முடிந்ததும் தானாக அழிக்க வேண்டும். வழக்கு வரும் என்று தெரிந்த நிமிடம், அந்த ஆட்களின், அந்த விஷயத்தின் தரவுக்கு மட்டும் அழிப்பை நிறுத்திவைக்க வேண்டும். இதுதான் லீகல் ஹோல்ட். சோதித்தவற்றில் ஒன்றில் ஹோல்ட் போட்டால் அந்த அஞ்சல்பெட்டி முழுக்க உறைந்துவிடும், சம்பந்தமில்லாத, வேலை கேட்டு வந்தவர்களின் விண்ணப்பங்களும் மருத்துவ விடுப்புச் சீட்டுகளும் சேர்ந்து வருடக்கணக்கில் நிற்கும். போப்பியாவை வைத்துப் பார்த்தால் அதை நான் ஏற்கவில்லை.

ரிக்கா என்கிற 2002ஆம் ஆண்டின் தகவல்தொடர்பு இடைமறிப்புச் சட்டமும் குறுக்கே வரும். ஊழியரின் அஞ்சலை நிறுவனம் பிடித்து வைப்பதற்கு முன்கூட்டியே அறிவிப்போ எழுத்துமூல சம்மதமோ வேண்டும். அதை வேலை ஒப்பந்தத்திலேயே சேர்த்தோம், ஜூலுவிலும் எழுதிக் கொடுத்தோம். மின்னஞ்சல் சாட்சியமாகுமா என்ற பழைய கேள்விக்கு 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. அதன் 15ஆவது பிரிவுப்படி, மின்தரவு என்பதற்காக மட்டும் சாட்சியத்தைத் தள்ள முடியாது, ஆனால் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது அது எப்படி உருவானது, எப்படிச் சேமிக்கப்பட்டது, மாறாமல் இருந்ததா என்பதைப் பொறுத்தது. 2014இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்பிரிங் பாரஸ்ட் வழக்கில், மின்னஞ்சலின் அடியில் அடித்திருந்த பெயர்களையே கையெழுத்தாக ஏற்று, ஒப்பந்த ரத்து செல்லும் என்றது. இதைச் சொன்னபோதுதான், மின்னஞ்சல்தானே என்று இருந்த விற்பனைப் பிரிவு நிமிர்ந்து உட்கார்ந்தது.

எங்கே வைப்பது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனைச் சுற்றிக் கிடங்குகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்தவர்கள், மின்வெட்டு நேரங்களை அட்டவணை போட்டு வாழ்ந்தவர்கள், கிடங்கின் மூலையில் இன்னொரு சர்வர் வைக்கச் சம்மதிக்க மாட்டார்கள். மேகக்கணிதான். ஆனால் தரவு நாட்டுக்குள் இருக்க வேண்டும் என்றோம், ஏனென்றால் நாட்டுக்கு வெளியே போனால் போப்பியாவின் 72ஆவது பிரிவுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். மைக்ரோசாப்ட் 2019இல் ஜோகனஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும், அமேசான் 2020இல் கேப்டவுனிலும் தரவு மையம் திறந்துவிட்டதால் இது நடக்கக்கூடிய நிபந்தனைதான். சில விற்பனையாளர்கள் சேமிப்பு இங்கே, தேடல் குறியீடு (தேடுவதற்காகச் சொற்களை அடுக்கி வைக்கும் அட்டவணை) அயர்லாந்தில் என்று வைத்திருக்கிறார்கள். தேடல் குறியீட்டுக்குள்ளும் உரை முழுக்க இருக்கும், அதனால் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சோதனைப் பை

வந்த தீர்வுகள் மூன்று வகை. மைக்ரோசாப்ட் 365உடனேயே வருகிற பர்வியூ ஒன்று, உரிமத்தின் படிநிலையைப் பொறுத்து அதன் வசதி கூடும் குறையும். தனிக் காப்பகச் சேவைகள் இரண்டாவது, மைம்காஸ்ட், புரூஃப்பாயிண்ட், குளோபல் ரிலே மாதிரி. ஆவணங்களைப் பரிசீலித்துக் குறியிட்டு எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் தளங்கள் மூன்றாவது, ரிலேட்டிவிட்டி, நியூக்ஸ், எவர்லா போன்றவை. இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை அமெரிக்க வழக்குகளை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. அங்கே ஸுபுலேக் எதிர் யுபிஎஸ் வார்பர்க் வழக்கில் 2003 முதல் வந்த தீர்ப்புகள் அஞ்சலைக் காப்பாற்றும் கடமையை அழுத்திச் சொல்லின, 2006 டிசம்பரில் கூட்டாட்சி சிவில் விதிகளிலேயே மின்தரவு ஏறியது. நம் 35ஆவது விதிக்கான பிரமாணப் பத்திரத்தை இவை தானாகத் தயாரித்துத் தராது, அட்டவணையை நாம்தான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

டெமோவில் பெரும்பாலும், திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் அஞ்சல்களைக் காட்டுவார்கள். 2003இல் அமெரிக்க ஆற்றல் ஒழுங்குமுறை ஆணையம் பொதுவில் விட்ட அந்தத் தொகுப்பில் சுமார் 150 பேரின் ஐந்து லட்சம் அஞ்சல்கள், எல்லாம் சுத்தமான ஆங்கிலம், எந்த மென்பொருளும் அதில் அழகாக ஓடும். என்ரான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாங்களே ஒரு சோதனைப் பை கட்டினோம். கணக்குப் பிரிவில் இரண்டு பேர் என்னோடு உட்கார்ந்து, தனிநபர் தகவல்களை மாற்றிவிட்டு, இருநூறுக்குச் சற்று மேலான கோப்புகளைச் சேர்த்தார்கள். கேள்விக்குறி நிறைந்த ஆன்சி பிஎஸ்டி, கடவுச்சொல் போட்ட பிடிஎஃப், அஞ்சலுக்குள் அஞ்சலுக்குள் ஜிப், சாய்வாக ஸ்கேன் செய்த சரக்கு ரசீது, மறைநகலில் (பிசிசி) ஒருவரைச் சேர்த்த அஞ்சல், கோப்புக்குப் பதில் ஒன்டிரைவ் (மைக்ரோசாப்டின் மேகக்கணிச் சேமிப்பு) இணைப்பு மட்டும் உள்ள அஞ்சல், பழைய எழுத்துரு வேர்ட் கோப்பு, குரல் பதிவு. எந்தத் தேடலுக்கு எவை வர வேண்டும் என்ற விடைத்தாள் எங்களிடம் மட்டும் இருந்தது.

முதல் விற்பனையாளர் பையை வாங்கி ஏற்றிவிட்டு, எல்லாக் கோப்பும் வெற்றிகரமாக ஏறியது, பிழை பூஜ்யம் என்று அறிக்கை கொடுத்தார். கடவுச்சொல் போட்ட பிடிஎஃபும் அந்த வெற்றிக் கணக்கில் இருந்தது. உள்ளே ஒரு வரியைக்கூட அது படிக்கவில்லை, கோப்பின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு ஏறிவிட்டது என்று எண்ணிக்கொண்டது. அந்த இடத்தில் அக்கா உட்கார்ந்து "இல்லை" என்று கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, தேடலில் மெதுவானது, திரையும் கண்ணுக்கு அவ்வளவு இதமாக இல்லை, ஆனால் படிக்க முடியாத ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி, அதன் பக்கத்தில் காரணம்: கடவுச்சொல், சேதம், தெரியாத வடிவம், ஸ்கேன் படத்தில் எழுத்து அடையாளம் காணல் தோல்வி. பட்டியலை எக்செல்லாக இறக்கி அட்டர்னிக்கு அனுப்பலாம். எனக்கு அந்த இடத்திலேயே பாதி முடிவு வந்துவிட்டது.

தமிழ்ச் சோதனையில் எல்லாருமே ஏதாவது ஒரு இடத்தில் தடுக்கினார்கள். பழைய எழுத்துருக் கோப்புகளுக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான், திரையில் மட்டும் தமிழாகத் தெரியும், அதனால் "சரக்கு" என்று தேடினால் அவை வரவே வராது. அதையாவது புரிந்துகொள்ளலாம், யூனிகோடிலேயே சிக்கல் இருந்தது. ஒகரக் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டு குறியீடாகப் பிரிந்தும் வரலாம், கண்ணுக்கு ஒரே "கொ"தான். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காத மென்பொருள் "கொள்முதல்" என்ற தேடலில் பாதியைத் தவறவிட்டது. அப்புறம் வேற்றுமை உருபு. "பணம்" என்று தேடினால் "பணத்தை" வராது, "பணத்துக்கு" வராது. சரி, "பண" என்று முன்னொட்டாகத் தேடலாம் என்றால் "பணி", "பணியாளர்" எல்லாம் வந்து குவிகிறது, விடுப்புக் கடிதம் முழுக்க வாசலில் நிற்கும். "பணம்" என்பதோடு "பணத்" என்ற முன்னொட்டையும் சேர்த்துத் தேட வேண்டும் என்று கண்டுபிடித்து எழுதி வைத்தோம். ஆங்கில எழுத்துத் தமிழுக்குக் கிட்டத்தட்ட ஒத்த சொற்களையும் பிடிக்கும் தேடல் இருந்தால்தான் உண்டு, அதுவும் ஓரளவுதான். தென்னாப்பிரிக்காவிலோ மொரீஷியஸிலோ தமிழில் வியாபாரம் பேசுகிற நிறுவனங்கள் இந்தச் சோதனையைத் தாங்களேதான் செய்துகொள்ள வேண்டும், விற்பனையாளரின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது என்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

நேர மண்டலம் தனியாக ஒரு பத்தி எழுதத் தகுந்தது. வழக்கின் முக்கியமான அஞ்சல், தாமதம் என்று திருப்பூர் எழுதியது, இந்திய நேரப்படி 4ஆம் தேதி அதிகாலை 1.10க்குப் போனது. டர்பனில் அப்போது 3ஆம் தேதி இரவு 9.40. நிறுவனம் கடைச் சங்கிலிக்கு அறிவித்தது டர்பன் நேரப்படி 4ஆம் தேதி இரவு 10.30. ஒரு மென்பொருள் ஒவ்வொரு அஞ்சலையும் அனுப்பியவரின் நேரத்திலேயே அச்சிட்டது, மண்டலத்தின் பெயர் எங்கும் இல்லை. அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டதாகத் தெரியும். ஒரே மண்டலத்துக்கு மாற்றினால் 50 நிமிடம் தாண்டிவிட்டது. அஞ்சல் வந்த நேரமா படித்த நேரமா எது கணக்கு என்பது வழக்கறிஞர்கள் வாதிட வேண்டியது, ஆனால் நமக்குச் சாதகமாகத் தெரிகிற தவறான கணக்கோடு நீதிமன்றத்துக்குப் போவது ஆபத்து, எதிர்த்தரப்பு அதைப் பிடித்த நாளில் மற்ற ஆவணங்களின் மேலும் சந்தேகம் விழும். ஆகவே ஒரு வழக்குக்கு ஒரே மண்டலம், ஒவ்வொரு பக்கத்திலும் அதன் பெயர் அச்சாக வேண்டும் என்பதைக் கட்டாய நிபந்தனையாக வைத்தோம்.

மறைநகல் விஷயத்தில் ஜர்னலிங், அதாவது அஞ்சல் போகும்போதே நகல் பிடிக்கும் வசதி, உள்ள காப்பகங்கள் தெளிவாக முன்னே நின்றன. மைக்ரோசாப்டின் அஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சின் ஜர்னல் அறிக்கை அஞ்சல் போகும்போதே மறைநகல் பெற்றவரையும், குழு முகவரிக்குள் இருந்த ஒவ்வொரு ஆளையும் பதிந்துவிடும், பிறகு அனுப்பியவர் தன் பெட்டியில் அழித்தாலும் பதிவு நிற்கும். ஒன்டிரைவ் இணைப்புக்கு ஒரு எளிய சோதனை செய்தோம்: அஞ்சலை அனுப்பிய பிறகு அந்த எக்செல்லில் விலையை மாற்றிவிட்டு, காப்பகத்திலிருந்து எந்தப் பதிப்பு வருகிறது என்று பார்த்தோம். சிலவற்றில் மாறிய விலை வந்தது, சிலவற்றில் வெறும் இணைப்பு முகவரி மட்டும். அனுப்பிய நாளின் பதிப்பைக் கொடுப்பவை குறைவு.

விலையும் ஒப்பந்தமும்

விலைப் பட்டியல் டாலரில் வந்தது. ராண்ட் 2023இல் ஒரு டாலருக்கு 19ஐத் தாண்டியதைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை, ராண்டில் விலை பேசி மூன்று வருடத்துக்கு நிறுத்தச் சொன்னோம். ஒரு ஆளுக்கு மாதம் இவ்வளவு என்கிற எண் மலிவாகத்தான் இருக்கும், மறைந்திருப்பவை வேறு: பழைய பிஎஸ்டிகளை ஏற்றுவதற்கு ஜிபி கணக்கில் கட்டணம், வேலையை விட்டுப்போனவரின் பெட்டிக்கும் மாதக் கட்டணம், எடுத்துக் கொடுக்கும் போதெல்லாம் கட்டணம், கடைசியாக ஒப்பந்தத்தை முடித்து வெளியேறும்போது மொத்தத் தரவையும் திருப்பித் தரத் தனிக் கட்டணம். நான்கையும் சேர்த்து 7 வருடத்துக்குக் கணக்குப் போட்டபோது மலிவாகத் தெரிந்தது மலிவாக இல்லை.

7 வருடம் என்பது மென்பொருள் உலகில் மிக நீண்ட காலம். எண்டர்பிரைஸ் வால்ட் என்ற காப்பக மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள், கேவிஎஸ் நிறுவனம் உருவாக்கியதை 2004இல் வெரிட்டாஸ் வாங்கியது, அடுத்த வருடம் சைமன்டெக் கைக்குப் போனது, 2016இல் மறுபடி தனி வெரிட்டாஸ், 2024 கடைசியில் ஆர்க்டெரா. தென்னாப்பிரிக்கர்கள் 2003இல் தொடங்கிய மைம்காஸ்ட்டும் பங்குச் சந்தைக்குப் போய் 2022இல் தனியார் முதலீட்டாளர் கைக்கு மாறியது. இதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் உங்கள் தரவின் ஆயுள் விற்பனையாளரின் பெயர்ப்பலகையைவிட நீளம். அதனால் வெளியேறும் விதியில்தான் நாங்கள் அதிகம் சண்டை போட்டோம்: திறந்த வடிவத்தில், ஹேஷ் மதிப்போடு, கெடு தேதிகளோடும் ஹோல்ட் விவரத்தோடும், குறித்த நாளுக்குள். கெடு தேதி இல்லாமல் தரவை மட்டும் திருப்பித் தந்தால், எதை எப்போது அழிப்பது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். போப்பியா 21ஆவது பிரிவு கேட்கிற எழுத்துமூல ஒப்பந்தத்தின் இணைப்பாகவே இதையும் சேர்த்தோம்.

முடிவு இரண்டாகப் பிரிந்தது. காப்பகம் நிரந்தரமாக, படிக்க முடியாதவற்றின் பட்டியலைக் கொடுத்த அந்த மெதுவான சேவையிடம். பரிசீலனைத் தளத்தை வாங்கவில்லை, வழக்கு வந்தால் அந்த வழக்குக்கு மட்டும் வாடகைக்கு. சில வருடத்துக்கு ஒருமுறை நீதிமன்றம் போகிற நிறுவனத்துக்கு அதை வருடம் முழுக்க வைத்திருப்பது வீண் செலவு. இயந்திரக் கற்றலால் ஆவணங்களைத் தரம்பிரிக்கும் வசதியை விற்பனையாளர்கள் பலமாகப் பேசினார்கள். அமெரிக்காவில் 2012இல் டா சில்வா மூர் வழக்கில் நீதிபதி ஆண்ட்ரூ பெக் அதை ஏற்றது உண்மைதான், பத்து லட்சக்கணக்கான ஆவணங்களுக்கு அது அருமையான கருவி. சில ஆயிரம் அஞ்சல், அதில் பாதி மூன்று எழுத்து வடிவத்தில் தமிழ் என்றால், விஷயம் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்து படிப்பதே சரி.

பிறகு

புதிய காப்பகம் முதலில் வேலைக்கு வந்தது நீதிமன்றத்துக்காக இல்லை. முன்னாள் ஊழியர் ஒருவர் போப்பியா 23ஆவது பிரிவின் கீழ், தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களைக் கேட்டார். தகவல் அணுகல் சட்டத்தில் இதற்குப் பதில் சொல்ல 30 நாள். முன்பு இருந்த நிலையில் இது அலுவலகத்தையே முடக்கியிருக்கும், இப்போது பெயர், ஊழியர் எண், அழைக்கும் பெயர் மூன்றையும் தேடி, மற்றவர்களின் விவரங்களை மறைத்து, கெடுவுக்கு நன்றாக முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள். பதில் கடிதத்தின் கடைசியில் ஒரு பத்தி: கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட இரண்டு கோப்புகளைத் திறக்க முடியவில்லை, அவற்றின் பெயரும் தேதியும் இவை. அக்கா அந்தப் பத்தியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு கோப்பின் கடவுச்சொல் அந்த ஊழியருக்கே தெரிந்திருந்தது, அவரே சொல்லித் திறந்து பார்த்தார்கள்.

தீராமல் நிற்பது வாட்ஸ்அப். செய்திகள் இரு முனைக்கும் நடுவில் பூட்டப்பட்டவை, நிறுவனம் நடுவில் பிடிக்க முடியாது, கைபேசியிலிருந்து ஏற்றுமதி செய்தால் படங்களோடு 10,000 செய்தி, படம் இல்லாமல் 40,000 வரைதான் வரும், அதுவும் வெறும் உரைக் கோப்பாக. அமெரிக்காவில் ஜேபி மோர்கன் 2021இல் இந்த மாதிரி பதிவாகாத செய்திகளுக்காக மொத்தம் 20 கோடி டாலர் கட்டியது, வங்கி என்றால் அப்படி. துணி வியாபாரிக்கு அந்த விதி இல்லை, ஆனால் 35ஆவது விதி குரல் பதிவையும் விடாது. இப்போதைக்கு, விலையும் தேதியும் சம்பந்தப்பட்ட எதையும் குரலில் பேசினால் அன்றைக்கே மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி உறுதிசெய்ய வேண்டும் என்று திருப்பூர் ஏஜெண்டுகளுக்கும் சேர்த்து விதி போட்டிருக்கிறார்கள், இறக்குமதிப் பிரிவுக்கு நிறுவனக் கைபேசி கொடுத்திருக்கிறார்கள். குரல் பதிவைப் பிடித்து எழுத்தாக்கும் சேவை இரண்டைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். கொங்குத் தமிழில் வேகமாகப் பேசினால் எண்களிலேயே தடுமாறுகின்றன. எண் தவறினால் அதை நம்பி யாரும் கையெழுத்துப் போட முடியாது, அதனால் மூலக் குரல் கோப்பை ஹேஷோடு வைத்துக்கொண்டு, எழுத்தாக்கத்தைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்தலாம் என்பதுதான் அடுத்த சோதனைக்கு நாங்கள் எழுதி வைத்திருக்கிற முதல் நிபந்தனை.